ஜெயம் ஆன்ட்டியின் கோலி சோடா பாட்டில்

மூன்றாவது சோடா பாதி உள்ளே போகும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"இன்னா பாப்பா, வெயிலா? வீட்ல சண்டையா?" என்று கேட்டார் சோடாக்கடை பரசுராமன்.

"இன்னொண்ணு குடுங்கண்ணா. பச்சைக் கோலி போட்டது."

"எத்தினி வேணா குடி. பாட்டில் மட்டும் கடைய வுட்டுப் போவாது."

எனக்கு வேண்டியதே பாட்டில்தான்.

காலி பாட்டில்களை அறுத்து விளக்கு செய்வது அம்மாவின் தொழில். உள்ளே ஒரு சின்ன பல்பு, கழுத்தில் எங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூல். பக்கத்துத் தெரு ஜெயம் ஆன்ட்டி ஒரு கோலி சோடா பாட்டிலைக் கொடுத்து விளக்காக்கித் தரச் சொல்லியிருந்தார். திருமலை ஏறி இறங்கி அடிவாரத்தில் மயங்கி விழுந்த ஆன்ட்டிக்கு, அங்கே சோடா விற்ற வேணுகோபால் அங்கிள் கொடுத்த பாட்டில். அதற்கப்புறம்தான் கல்யாணம். அங்கிள் போன வருஷம் இறந்துவிட்டார்.

"அதத் தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா போளூருக்குப் போனாள். உதவலாமே என்று தொட்டேன்.

ஸ்பிரிட்டில் நனைத்த பருத்தி நூலைச் சுற்றிக் கொளுத்தி, தண்ணீரில் முக்கினால் பாட்டில் நேராக அறுபட்டுவிடும். பருத்தி நூல் அகப்படவில்லை. எங்கள் வீட்டில் கை வைத்த இடமெல்லாம் பட்டு நூல்தான். அதையே சுற்றினேன். அது அங்கங்கே கருகி அணைந்தது. பாட்டில் கோணலாக வெடித்து நாலு துண்டானது. பசை போட்டு ஒட்டினேன். என் விரல்கள்தான் ஒட்டிக்கொண்டன.

நாலாவது சோடாவில் தேம்பி அழுதே விட்டேன். விஷயத்தைக் கேட்ட பரசுராமன் ஒரு பாட்டிலைத் துடைத்து நீட்டினார்.

"எட்துகினு ஜல்தியா கெளம்பு. நீ அழுவுறதப் பாத்தா என் சோடாவத்தான் சந்தேகப்படுவாங்க."

போகும் வழியிலேயே பருத்தி நூல் வாங்கினேன். இந்த முறை பாட்டில் அழகாக அறுபட்டது. அம்மா திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தொடாதன்னா கேக்க மாட்டியே! ஆனா சூப்பரா வந்துகீதுடி. நீயே போயி குடுத்துட்டு வா."

ஜெயம் ஆன்ட்டி விளக்கைக் காதருகே வைத்து ஆட்டினார். கோலி கடகடத்தது.

"அதே சத்தம்டி, ஹேமா. அவரு தொண்டையக் கனைக்கிற மாதிரியே இருக்குது."

அவர் அழ ஆரம்பித்தார். எனக்கு வாய் வரை வந்த உண்மையை முந்திக்கொண்டு ஒரு பெரிய ஏப்பம் வந்தது.

"வாயு புடிச்சிகிச்சா கண்ணு? கிரண், இவளுக்கு ஒரு சோடா வாங்கினு வாடா!"

வெளியே ஓடிவிட்டேன். ஆன்ட்டியின் மகன் கிரண் அண்ணா வாசலில் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"என்னால பொய் சொல்ல முடிலண்ணா. உள்ள போயி ஆன்ட்டிகிட்ட சொல்லிடறேன்."

அண்ணா வாசற்கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணமான மொத மாசமே அந்த பாட்டில அம்மா ஒடைச்சிட்டாங்க. அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு வேற ஒண்ணு வாங்கி வெச்சாங்க. அவரு சோடாக்காரரு, அவருக்குத் தெரியாத பாட்டிலா? என்கிட்ட சொல்லிச் சிரிப்பாரு. அம்மாகிட்ட கடைசி வரைக்கும் காட்டிக்கல. இப்ப நீ போயி சொன்னா, அம்மாவும் தான் ஒடைச்சத சொல்லணும்னு நெனைப்பாங்க. அவங்க யார்கிட்ட போயி சொல்லுவாங்க, ஹேமா?"