விசில் டாலரும் சிதம்பரம் பஸ்ஸும்

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரை நம்பி எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. டிக்கெட் வாங்கிய உடம்பு மட்டும்தான் அந்த சீட்டில் இருக்கும். ஆள் எங்கேயோ போயிருப்பார். நான் போகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: என் சொந்த நகைக்கடை. மூன்று மாடி, கண்ணாடிக் கதவு, வாசலில் என் பெயர் மினுமினுக்கும் போர்டு. (உண்மையில் அப்போது என் கடை, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் பாதி. மறுபாதியில் அப்பா சாப்பிடுவார்.)

பி.காம். முடித்த கையோடு என்னை பேங்க் பரீட்சை கோச்சிங்கில் சேர்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். என் திட்டம் வேறு. கல்லூரிப் பெண்கள் போடுகிற நகை அழகாகவும் இருக்க வேண்டும், ஏதாவது வேலைக்கும் ஆக வேண்டும், அதில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும். முதலில் நூல் வெட்டும் மோதிரம் செய்தேன். அது நூலைத் தவிர எல்லாவற்றையும் வெட்டியது, பக்கத்து வீட்டு அக்காவின் புது துப்பட்டா உட்பட. அடுத்து, சேஃப்டி பின் ஒளித்துவைத்த வளையல். போட்டுப் பார்த்த அம்மா “மாதாவே!” என்று அலறினார். (அது ஜெபம் இல்லை.) அதற்கடுத்துப் பிறந்ததுதான் விசில் டாலர்.

சுண்டு விரலில் பாதி இருக்கும் பளபளப்பான ஸ்டீல் விசில். மேலே பெயர் பொறித்து, மெல்லிய செயினில் கோத்தால் பார்ப்பதற்கு டாலர். இருட்டில் நாய் துரத்தினாலும், தெருமுனையில் எவனாவது வம்பு செய்தாலும், எடுத்து ஊதினால் தெருவே திரும்பிப் பார்க்கும். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. படித்த என் தோழி சத்யா, மாதிரிக்கு ஒன்றைப் போட்டோ எடுத்து அவள் மாடி முழுக்கக் காட்டியதில் மாடி முழுக்க ஆர்டர் வந்துவிட்டது.

அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். “த பாரு ஜெனி. இத ஒழுங்கா கொண்டு போயி குடுத்துட்டு, ஒரு பொண்ணுகூட திருப்பித் தரலன்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா திங்கக்கெழம கோச்சிங் கிளாசு.”

அப்படித்தான், மடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய டாலர்களோடு, கழுத்தில் என் பெயர் போட்ட டாலரோடு, ஒரு சனிக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் ஒல்லியான மனிதர். மீசையில் மட்டும் கொஞ்சம் சதை. “உள்ள போங்கம்மா” என்பதைக்கூட மன்னிப்புக் கேட்பது போலச் சொல்வார். ஆலப்பாக்கம் தாண்டியதும் கடல் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது. சவுக்குத் தோப்புகள் பின்னால் ஓடின. தண்ணீர் நின்ற வயலில் ஒரு கொக்கு எதையோ மறந்துவிட்டது போல நின்றது. வெயில் இன்னும் சூடேறாத பால் மாதிரி இருந்தது. என் இமைகள் பாதி இறங்கின. கடையின் முதல் மாடிக்கு ஏறிவிட்டேன்.

கனவு காணும்போது செயினை வாயில் வைத்துக் கடிப்பது என் பழக்கம். அன்று செயினில் என்ன தொங்கியது என்பதை என் வாய் யோசிக்கவில்லை.

புதுச்சத்திரத்தில் பஸ் நின்றது கனவின் ஓரத்தில் தெரிந்தது. ஓர் அம்மா பெரிய பண்ருட்டிப் பலாப்பழத்தோடு இறங்கத் தடுமாறினார். கண்டக்டர் பழத்தை வாங்கிக்கொண்டு தானும் கீழே இறங்கினார். அதே நேரத்தில் என் கடையின் மூன்றாவது மாடியில் திறப்பு விழா. ஜன்னல் திரைகள் மெல்ல ஆடுகின்றன. சந்தன வாசனை. சத்யா கத்தரிக்கோலை நீட்டி, “ஆரம்பிக்கலாமாடி?” என்று கேட்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அது போதாமல் இன்னொன்றும் விட்டேன்.

பீப், பீப்.

ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. பஸ் புறப்பட்டது.

முகத்தில் அடித்த காற்றைக் கைதட்டல் என்றே நினைத்தேன். பின் சீட்டில் யாரோ, “கண்டக்டரு எங்கய்யா?” என்று கேட்ட பிறகுதான் மூன்று மாடியும் இடிந்து விழுந்தது. தலையை நீட்டிப் பார்த்தேன். தூரத்தில், பலாப்பழத்தைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி கண்டக்டர் ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பழத்துக்குச் சொந்தக்கார அம்மா.

நிறுத்த ஒரே ஒரு விசில் போதும். ஆனால் பயத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. விசில் இன்னும் வாயில். பீப், பீப். டிரைவர் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார்.

“அண்ணே, நிறுத்துங்கண்ணே!” என்று கத்தினேன்.

“ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல நிறுத்த மாட்டேம்மா,” என்றார் டிரைவர், திரும்பாமலே. “கண்டக்டரு விசில் குடுக்கட்டும்.”

மூச்சைப் பிடித்து நீளமாக ஒன்று ஊதினேன். டிரைவர் கடமை தவறாதவர். அந்த இடத்திலேயே பிரேக் போட்டார். மடியிலிருந்த பெட்டி பறந்தது. செயின்களும் டாலர்களும் சீட்டுகளுக்கு அடியில் மழை மாதிரி சிதறின. நல்ல உள்ளம் கொண்ட பயணிகள் குனிந்து பொறுக்கினார்கள். பொறுக்கியவர்கள் எல்லோருக்கும் அது ஊதுமா என்று ஒரு சந்தேகம் வந்தது.

பஸ் கிளம்பியது. நின்றது. கிளம்பியது. தோப்பில் குயில்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போல முன் சீட்டும் பின் சீட்டும் மாறி மாறிக் கூவின. டிரைவர் கண்ணாடியைப் பார்த்து, அங்கே இல்லாத கண்டக்டரிடம் கேட்டார்: “யோவ், இன்னாதான்யா முடிவு பண்ணியிருக்க? போவணுமா, வேணாமா?”

அதற்குள் ஒரு மீன்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து கண்டக்டர் வந்து சேர்ந்தார். பழம் இன்னும் மடியில். வியர்வையோடு ஏறி அவர் சொன்ன முதல் வார்த்தை, “இது அந்தம்மாவோடதுங்க. நான் எடுத்துக்கல.” மீன்காரர் பழத்தை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

எங்களுக்கு முன்பே சேதி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தது. டைம் கீப்பர் அறை வாசலில் கண்டக்டரை நிறுத்திவைத்து, “கண்டக்டர வுட்டுட்டு பஸ் எப்படிய்யா வரும்? நீ டீ குடிக்க எறங்கியிருப்ப. மெமோதான் உனக்கு,” என்று டைம் கீப்பர் சத்தம் போட்டார். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் வாயிலிருந்த விசிலை அவர் பார்த்திருந்தார். ஆனால் என் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை.

நான் அப்படியே நழுவியிருக்கலாம். ஹாஸ்டலில் ஒரு மாடியே காத்திருந்தது. இரண்டடி நடந்தும்விட்டேன். ஆனால் அந்தக் குனிந்த தலையைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை.

“சார், அவரு மேல தப்பு இல்ல. விசில் ஊதினது நான்தான்,” என்று டாலரைக் காட்டினேன்.

டைம் கீப்பர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “இந்த டாலரா? வெளயாடறியாம்மா? இதுல சத்தம் வருமா? எங்க, ஊது பாப்போம்.”

என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதர் என் தயாரிப்பைச் செய்து காட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை. பதறிப் பதறி ஊதினேன். பீப், பீப்.

வெளியே நின்றிருந்த சீர்காழி பஸ் கம்பீரமாகக் கிளம்பிப் போனது. டீக்கடையிலிருந்து அதன் கண்டக்டர், கையில் கிளாஸோடு, “ஏய், ஏய்!” என்று துரத்திக்கொண்டு ஓடினார்.

டைம் கீப்பர் எட்டி அதைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மெமோ பேச்சு அத்தோடு போயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: “ஒரு விசிலும் சத்தத்தோட இந்த பஸ் ஸ்டாண்ட வுட்டு வெளிய போவக்கூடாது.”

எதிர்க்கடையில் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை வாங்கி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு விசிலாக அடைத்தேன். அடுத்த டிரிப்புக்கு நேரமிருந்ததால் கண்டக்டரும் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டி உருட்டிக் கொடுத்தார். புறாக்கள் கூரையில் முணுமுணுத்தன. எங்கிருந்தோ பூ வாசனை வந்தது. இருவரும் மண்ணில் பொம்மை செய்கிற குழந்தைகள் மாதிரி இருந்தோம்.

“எனக்கு ஒண்ணு வேணும்மா,” என்றார் மெதுவாக. “எம் பொண்ணு காலேஜு போவுது. பேரு வெண்ணிலா. அதுக்கு மட்டும் அடைக்காம குடு.”

“அய்யோ, மறுபடியுமா?” என்றேன்.

“அது சைக்கிள்ல போற புள்ளம்மா. பஸ்ஸுல ஏறாது.”

அடுத்த வாரம் வெண்ணிலா பெயர் பொறித்த ஒன்றை, அடைக்காமல், அவரிடம் கொடுத்தேன். என் கடையின் முதல் திருப்தியான வாடிக்கையாளர் அவர். கடைசியும் அவர்தான். ஹாஸ்டலில் சத்யா கன்னம் உப்ப உப்ப ஊதிப் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, ஊமைக் கொழல் மாதிரி இருக்கு?” என்றாள். மாடி முழுக்கத் திருப்பிக் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை காலை கோச்சிங் கிளாஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கடலூரில் ஒரு பேங்கில் வேலை. நகைக்கடன் பிரிவு. மற்றவர்களின் செயின்களைத் தராசில் வைக்கும்போது சில நேரம் மூன்று மாடிக் கடை கண்ணில் மிதக்கும். எதிரே நிற்பவர் மேஜையைத் தட்டுவார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் “பொண்ணுக்கு என்னென்ன தெரியும்?” என்று கேட்டபோது, “பஸ் ஓட்டும். உள்ள உக்காந்துகினே ஓட்டும்,” என்றார் அப்பா. (அப்படியும் அந்த இடமே முடிந்தது.) போன வருடம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனோம். சீர்காழி தாண்டி, வெறும் வயல் நடுவே, விசில் சத்தம் கேட்டு பஸ் நின்றுவிட்டது. அப்பா, என் கணவர், என் மகள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து கண்டக்டர், “யாருங்க அது விசில் அடிச்சது?” என்று அதட்டினார்.

என் பக்கத்து சீட்டிலிருந்த என் அம்மா எழுந்து நின்று பதில் சொன்னார்:

“எம் பொண்ணு இல்லப்பா. கடலூர்லேந்து நான் அவ வாயதான் பாத்துக்கினு வரேன்.”