கிடாருக்கு ஒரு பிக்கப்

சேலையூர்,
டிசம்பர் 3

பாசத்துக்குரிய டெனிஸ் மாமாவுக்கு ஜாஸ்மின் பணிவுடன் எழுதுவது. இங்கு அம்மா, அப்பா, நான் மூவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். தாங்கள் ஓசூருக்கு மாற்றலாகிப் போகும்போது என்னிடம் விட்டுச்சென்ற கிடார் மட்டும் சுகமில்லை. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கூரியரில் அனுப்பக் காரணம், நம் குடும்பக் குழுவில் இருபத்தேழு பேர் இருக்கிறார்கள். அம்மாவின் போனிலிருந்து தனியாக அனுப்பியது எதுவும் இதுவரை தனியாகப் போனதில்லை.

கிடார் உறுமுகிறது, மாமா. ஆம்ப்ளிஃபையரில் வயரைச் செருகியதும், நான் கம்பியைத் தொடுமுன்பே, "ம்ம்ம்ம்" என்று அது தன் கச்சேரியைத் தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு நடக்கும் கேரல் ஆராதனையில் தனியாக வாசிக்க முதல்முறையாக எனக்கு ஒரு பாட்டு கொடுத்திருக்கிறார்கள், ஆகவே விஷயம் சாதாரணமானதல்ல. வாசிப்பவர் நிற்கும் திசையை மாற்றினால் உறுமல் குறையும் என்று படித்தேன். ரிகர்சலின்போது கோயிலில் ஒவ்வொரு திசையாகத் திரும்பிப் பார்த்ததில் ஒரே ஒரு திசையில் அது அடங்கியது. பாடகர் குழுத் தலைவர் ஜீவானந்தம் சார் வந்தார்.

"ஏம்மா, சபைக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறே?"

"பீடத்தைப் பாத்து நிக்கிறேன் சார்."

"பீடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ திரும்பு."

திரும்பினேன். வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசித்துப் பழகிக்கொண்டிருந்த சபை மூப்பர் பாதியில் நிறுத்தி, ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னார். ஜெனரேட்டர் அன்று ஓடவே இல்லை. "கடைசி ரிகர்சலுக்குள்ள இது வாயை மூடணும். இல்லன்னா உன் பாட்டு கீபோர்டுக்குப் போயிடும்" என்றார் சார். கீபோர்டு வாசிப்பது அவருடைய மகள்.

குற்றம் பிக்கப்புடையது என்று கண்டுபிடித்தேன். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான் பிக்கப், அதாவது கிடாரின் காது. நம் கிடாரில் இருப்பவை ஒற்றைச் சுருள் காதுகள், அவை கம்பியின் ஒலியோடு சுவரிலுள்ள மின்சாரத்தையும் ஒட்டுக்கேட்கின்றன. இதை அப்பாவிடம் விளக்கப் போனேன். "பிக்கப் சரியில்லப்பா" என்று தொடங்கியதுமே, போனிலிருந்து தலை நிமிராமல், "கிளட்ச்சைப் பாரு" என்றார். அம்மாவிடம், "கிடாருக்குப் பிக்கப் வேணும்மா" என்றேன். அம்மா உடனே யாருக்கோ போன் செய்தார். அம்மா இவ்வளவு சுலபமாக இணங்குவாரா என்று வியந்துகொண்டிருக்கும்போதே, நாங்கள் வீடு மாறியபோது பீரோ ஏற்றிவந்த கோவிலம்பாக்கம் அப்பாதுரை அண்ணன் குட்டியானை லோடு வண்டியுடன் வாசலில் நின்றார்.

"பிக்கப் கேட்டீங்களாமே, சாமான் எங்க கீது?"

கிடாரைக் காட்டினேன்.

"இத்தத் தூக்கினு போவ குட்டியானையா? இன்னா பாப்பா, ஆள வச்சு பேஜார் பண்றியா?"

வந்ததற்கு எங்களைத் தாம்பரத்திலாவது இறக்கிவிடுங்கள் என்று அம்மா சொல்ல, மூவரும் கிடார் கடைக்குப் போனோம். கடைக்கார முகிலன் அண்ணா கிடாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிங்கிளா, ஹம்பக்கரா?" என்று கேட்டார். "மூணு சிங்கிள் சொல்லு தம்பி, எனக்குச் சக்கர கம்மியா" என்றார் அப்பாதுரை அண்ணன். டீ வந்தது. ஹம்பக்கர் என்றால் இரண்டு சுருள்கள் சேர்ந்து ஒன்றின் உறுமலை இன்னொன்று அழித்துவிடும் என்று டீ குடித்தபடியே தெரிந்துகொண்டேன். "இது கண்ணாடி மாதிரி கிளாஸியா இருக்கும், இது க்ரீமியா இருக்கும், இது சில பேருக்குக் கலங்கலாத் தெரியும்" என்று முகிலன் அண்ணா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். "நாம வந்தது கிடார் கடைக்கா, ஐஸ்க்ரீம் கடைக்கா?" என்று அம்மா என் காதில் கேட்டார். எனக்கு மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. இதை முகிலன் அண்ணாவிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தலையாட்டினேன்.

இப்போது முடிவு உங்கள் கையில், மாமா. மறுபடி ஒற்றைச் சுருளே போட்டால் உங்கள் கிடாரின் குரல் மாறாது, ஆனால் உறுமும். பெரிய ஹம்பக்கர் போட்டால் உறுமாது, ஆனால் மரத்தை அறுத்துக் குழியைப் பெரிதாக்க வேண்டும். ஒற்றையின் அளவிலேயே இரட்டைச் சுருள் வைத்த ஒல்லியான ரகம் ஒன்றும் உண்டு, அறுக்க வேண்டாம், குரல் சற்றுத் தடிக்கும், அவ்வளவுதான். என் ஆசை அதுவே, ஆனால் அது இங்கே கடையில் இல்லை, பெங்களூரில் கிடைக்குமாம், உங்களுக்குப் பக்கம். தாமதிக்க வேண்டாம். "மறைமலை நகர் ஃபேக்டரில தினம் இரும்பையே அறுக்கறோம், இந்தக் கட்டைக்கு என்ன?" என்று அப்பா நேற்று முதல் ரம்பத்துடன் நடமாடுகிறார். நான் கிடாரைக் கட்டிலுக்கடியில் வைத்து, மேலே படுத்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் கூரியர்காரரையும் வழிநடத்துவாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஜாஸ்மின்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஜீவானந்தம் சார் வீட்டுக்கு வந்தார். "அதை ரிப்பேர் பண்ணிடாதம்மா! கிறிஸ்துமஸ் நாடகத்துல, பாலகனைக் கொல்லத் தேடுற ஏரோது ராஜா வரும்போதெல்லாம் அந்தச் சத்தம் வேணும். அன்னிக்கு ரிகர்சல்ல கேட்டு பாஸ்டர் ஐயருக்கே புல்லரிச்சுப் போச்சாம்" என்றார். நான் என்ன வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். வயரைச் செருகிட்டு சும்மா நில்லு. பாட்டைக் கீபோர்டு பாத்துக்கும்." பாட்டு எனக்கில்லை என்றால் ஏரோது சத்தமில்லாமல்தான் வருவார் சார் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தார். சார் தாடையைத் தடவிவிட்டு, "சரி, ரெண்டும் நீயே. பாட்டுக்கு மட்டும் பீடத்தைப் பாத்து நின்னுக்கோ" என்றார். ஆகவே மேலே எழுதியதை முற்றிலும் தள்ளிவிடவும். பிக்கப் அனுப்பவே கூடாது. ஏரோதால் நன்மையடைந்தவர் யாராவது உண்டா என்று வேதாகமத்தில் தேடிப் பார்த்தேன், மாமா. ஒருவரும் இல்லை. நான்தான் முதல்.