ஒத்தக்கோட்டார் போட்ட இரண்டு கோடு

மே 10, சனிக்கிழமை. வழக்கம்போல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, இட்லி சாப்பிட்டு, துறைமுகச் சாலையில் உள்ள, சரக்குகளைச் சுங்கம் முடித்துக் கப்பலேற்றிவிடும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஒழுங்காகத் தொடங்கிய அந்த நாளைக் கெடுத்தவர் ஒத்தக்கோட்டார். ஒரே ஒரு கோட்டுக்காக உலகத்தோடு சண்டை போட்ட மனிதர் தூத்துக்குடியில் அவரைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

எங்கள் கணினி நிரல்களை எழுதுபவர் அவர். டிரைவர்கள் அனுப்பும் செய்தியிலிருந்து கன்டெய்னர் எண்ணைப் பொறுக்கித் துறைமுக வாயிலுக்கு அனுப்பும் நிரல் அவருடையது. நான்கு எழுத்து, ஏழு இலக்கம் என்று உருவத்தைச் சொன்னால் கணினி தானே தேடிக்கொள்ளும். அந்தச் சூத்திரத்துக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். அவருக்கு அது குலதெய்வம்.

டீ கொண்டுவருபவரைக்கூட விடமாட்டார். "கேளும் அண்ணாச்சி. கணக்கு வாத்தியாருங்க தாள்ல பெத்த பிள்ள இது. எந்தக் கம்ப்யூட்டர் பாஷையானாலும் எழுதுனத வார்த்த வார்த்தையாப் பிரிச்சுப் படிக்க இதத்தான் மொதல்ல தேடுது. பெர்ல் மட்டுந்தான் இத வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி நடுக்கூடத்துல உக்கார வச்சுது. அதப் பாத்துத்தான் மத்த பாஷையெல்லாம் திருந்துச்சு. இந்த ஜாவாக்காரன் வாசல்லயே நிறுத்திப்புட்டான்."

டீக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பெர்ல் மொழியில் ஓர் இலக்கத்தைக் குறிக்க ஒரு சாய்கோடும் 'டி'யும் போதும். ஜாவாவில் இரண்டு சாய்கோடு வேண்டும். முதலாளி நிரலை ஜாவாவுக்கு மாற்றச் சொன்னபோது இவர் கொதித்தார். "ஒத்தக் கோடு போதுங்கித எடத்துல ரெண்டு கோடு கேக்கான். போடமாட்டேன்."

"பூஜ்யம் முதல் ஒன்பதுன்னு அடைப்புக்குள்ள எழுதலாமே வே?" என்றேன்.

"பின்வாசல் வழியா நான் போகமாட்டேன்."

அதற்குப் பதில் ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் வைத்தார். வரி முடியும்வரை எது வந்தாலும் அள்ளிக்கொள் என்று அதற்குப் பொருள். டிரைவர்கள் எண்ணை மட்டும் அனுப்பியவரை எல்லாம் ஒழுங்காக ஓடியது.

அன்று லாரி டிரைவர் ஆலந்தலை அந்தோணி, இறால் கன்டெய்னரின் எண்ணை அடித்து, அதே வரியில், 'நாளைக்குப் பிள்ளைக்குப் புதுநன்மை, சீக்கிரம் விடுங்க சார்' என்றும் சேர்த்துவிட்டான். பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் செய்தி, கன்டெய்னர் எண்ணோடு எண்ணாக வாயிலுக்குப் போயிற்று. அப்படியொரு கன்டெய்னர் இல்லை என்று திரும்பி வந்தது. எண்ணை மட்டும் மறுபடி அனுப்பினான். முதல் செய்தி தீராமல் அடுத்ததை நிரல் தொடவில்லை.

"சார், மத்தியானத்தோட கேட்ட மூடிருவான்," என்றான் போனில். "கப்பலு போயிட்டுன்னா எறாலுக்குக் காவலா இங்கனயே கெடக்கணும். பிள்ள வெள்ள உடுப்பப் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்காம்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஓய், உம்ம ஒத்தக் கோட்டுக்கு ஒரு பிள்ளையோட புதுநன்மையைப் பலி குடுக்கணுமோ?"

அவர் திரையில் இருந்த செய்தியை இரண்டு முறை படித்தார்.

"பிள்ள பேரு என்ன வே?"

"அது தெரிஞ்சு என்ன செய்யப் போறீரு?"

அவர் விசைப்பலகையை இழுத்து, பல் பிடுங்கக் கொடுத்தவர் முகத்தோடு இரண்டு சாய்கோடு போட்டார். "போகச் சொல்லும்," என்றார். லாரி உள்ளே போயிற்று. அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆலந்தலைக்குக் கிளம்பினேன். அந்தோணி இருவரையும் அழைத்திருந்தான். வழிநெடுக என் காதுக்குள் ஜாவாவைத் திட்டிக்கொண்டே வந்தார். சாலை காலியாகத்தான் இருந்தது. அவர் திட்டி முடிக்கட்டும் என்று நான் மெதுவாகவே ஓட்டினேன்.