டீசலை அடைத்தும் நிற்காத எந்திரம் குறித்துச் சம்பந்திக்கு

காசிவிசுவநாதர் உலகம்மன் துணை

தென்காசி,
20-5-1963

மதிப்பிற்குரிய சம்பந்தி நம்பிராஜன் அவர்கள் சமூகத்துக்கு, எண்ணெய்க்கடை அய்யாக்குட்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோமதியம்மாளும் கடையும் சௌக்கியம். அங்கே தாங்களும் மாப்பிள்ளையும் என் மகள் மங்களேஸ்வரியும் சௌக்கியமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறோம். குற்றாலத்தில் இன்னும் தண்ணீர் விழவில்லை. விழுந்ததும் குடும்பத்தோடு வரவேண்டும். மரியாதை இத்துடன் முடிந்தது.

இனி விஷயம். அணைக்கட்டு வேலையில் ஓட்டி ஓய்ந்தபின் தாங்கள் என் தலையில் கட்டிய மண் வெட்டும் எந்திரத்தை, இக்கடிதம் கண்டதும் லாரி அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளவும். முப்பது வருஷமாக வியாபாரம் பண்ணுகிறேன். தின்னாமல் உழைக்கிற மாட்டையும் பார்த்ததில்லை, மனுஷனையும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டேன். இன்றோடு நாலு நாள் ஆகிறது.

வடகரைக்குப் பக்கத்தில் ஒரு குளத்தை ஆழப்படுத்த நான் காண்டிராக்ட் எடுத்திருப்பது தாங்கள் அறிந்ததே. சாரல் பிடித்துத் தண்ணீர் வருமுன் முடித்தாக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பூஜை போட்டு, பஞ்சாயத்து யூனியன் சேர்மனை மாலை போட்டு அழைத்து, மேளமும் வைத்திருந்தேன். எந்திரத்தோடு தாங்கள் அனுப்பிய ஆப்பரேட்டர் பிச்சுமணி ஏறி ஸ்டார்ட் செய்தான். முதலில் நல்ல பிள்ளையாகத்தான் முனகிற்று. முதல் பக்கெட் மண்ணை அள்ளித் தூக்கவும் ஜனங்கள் கைதட்டினார்கள்; அந்தக் கைதட்டு அதற்குப் பிடித்துப்போயிற்றோ என்னவோ, தானாகவே வேகம் எடுக்க ஆரம்பித்தது. முதலில் உறுமல், அப்புறம் அலறல், அதற்கும் அப்புறம் ஆரியங்காவுக் கணவாய் ஏறுகிற ரயில் மாதிரி ஒரே கூவல். “ஏலே, காலை எடுலே!” என்று நான் கத்துகிறேன். “காலை எப்பவோ எடுத்தாச்சு அண்ணாச்சி!” என்று அவன் இரண்டு காலையும் தூக்கிக் காட்டுகிறான். நிறுத்துகிற லீவரை இழுத்தான், நிற்கவில்லை. கீழே குதித்து டீசல் டாங்கியின் குழாயையே அடைத்தான். சம்பந்தி, அதற்குப் பிறகும் ஓடுகிறது! முன்னைவிட வேகமாக ஓடுகிறது! வேறொரு நாளாக இருந்தால் டீசல் இல்லாமல் ஓடும் எந்திரத்துக்கு நானே சூடம் காட்டியிருப்பேன். அன்றைக்கு அது இரும்பெல்லாம் நடுங்க நின்ற நிலையில், எங்கே வெடித்து ஊர் போய்விடுமோ என்றுதான் தோன்றிற்று. நீலம் பாய்ந்த வெள்ளைப் புகை கரையை மூடிவிட்டது. சேர்மன் மாலையோடு வாய்க்காலில் குதித்தார். மேளக்காரர் தவிலைப் போட்டுவிட்டு ஓடியவர், திரும்பி வந்து தவிலை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். பிச்சுமணி ஒருத்தன்தான் ஓடவில்லை. சேர்மனுக்குப் போர்த்த நான் வைத்திருந்த பட்டுச் சால்வையைப் பிடுங்கி, காற்று இழுக்கும் குழாயின் வாயில் திணித்து, அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டான். எந்திரம் இரண்டு தரம் இருமிற்று. நின்றது.

அந்த நிமிஷம் நான் அவனைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னிலையில், “நல்ல டீசலை வித்துத் தின்னுட்டு எந்த எழவைலே கலந்து ஊத்துன, திருட்டுப் பயலே?” என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்த துணியை மடித்து ஸீட்டில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்துவிட்டான்.

மறுநாள் செங்கோட்டை ரோட்டு லாரி மெக்கானிக் முகம்மது மீரான் வந்தார். டீசல் பம்பைப் பார்த்தார், சரி. வேகத்தை அடக்குகிற கவர்னரைக் கழற்றிப் பார்த்தார், அதுவும் சரி. “கவர்னர் டீசலைத்தான் அடக்கும் அண்ணாச்சி. டீசலை அடைச்சும் ஓடுச்சுன்னா அது வேற எதையோ குடிச்சிருக்கு. புகை என்ன நெறம்?” என்றார். சொன்னேன். உடனே காற்றுக் குழாயின் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினார். இழுக்கும் காற்றில் உள்ள தூசி படிவதற்காக அதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவார்களாம். எவ்வளவு என்பதற்கு உள்ளே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே விளிம்பு வரை எண்ணெய் ஏறிய தடம். அதிகப்படி எண்ணெயைக் காற்றோடு உறிஞ்சி அதையே எரித்து ஓடியிருக்கிறது. டீசலை அடைத்தால் அதற்கென்ன கவலை? “வால்வு வளையாம தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம். இப்பிடி ரொப்புன புண்ணியவான் யாரு?” என்றார் மீரான்.

நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? பூஜைக்கு முன் மூடியைத் திறந்து பார்த்தேன், கிண்ணத்தில் அரையளவுகூட இல்லை. மீதியை இந்தப் பயல் எங்கே விற்றானோ என்று சந்தேகம். மேலும் நல்ல காரியத்தில் நிறைநாழி வைக்கிற வழக்கம் நமக்கு. குறைப் பாத்திரம் ஆகுமா? என் கடையில் எந்தப் படியும் தளும்பாமல் வாடிக்கைக்காரன் பாத்திரத்துக்குப் போனதில்லை. அதே கையால் தளும்பத் தளும்ப ஊற்றினேன்.

தப்பு என் பேரில்தான். ஆனாலும், நிறைய ஊற்றினால் வெறி பிடிக்கிற பாத்திரம் எண்ணெய் வியாபாரிக்கு லாயக்கில்லை. எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவனோ பிச்சுமணி ஒருத்தன். அவன் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறானாம். ஆள் அனுப்பினேன். “திருடன்னு கூட்டத்துல சொன்னாரு. இல்லைன்னும் கூட்டத்துலயே சொல்லட்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டான். அய்யாக்குட்டி இதுவரை எவனிடமும் கூட்டத்தில் தலை குனிந்ததில்லை. குளத்தை மண்வெட்டி வைத்தே வெட்டிக்கொள்கிறேன். ஆகவே லாரி அனுப்பவும்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாளுக்குக் கோமதியம்மாள் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
த. அய்யாக்குட்டி

பி.கு.: லாரி அனுப்ப வேண்டாம். மண்வெட்டிக்கு ஆள் கேட்டுப் பார்த்தேன், ஆடி முடிந்தாலும் குளம் முடியாது என்றார்கள். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நேரே பாவூர்சத்திரம் போய், சந்தை நிறைந்த நேரத்தில் ஒரு வெங்காய மூட்டை மேல் ஏறி நின்று, “பிச்சுமணி திருடன் இல்லை, எண்ணெயை ஊத்திக் கெடுத்தது நான்தான்” என்று தொண்டை கிழியச் சொன்னேன். பிச்சுமணி மூட்டையை இறக்கிவிட்டு வந்தான். மத்தியானத்திலிருந்து எந்திரம் ஓடுகிறது. நான் அதற்குப் பத்தடி தள்ளி நிற்கவேண்டும் என்பது அவன் உத்தரவு. ஆனால் சம்பந்தி, உண்மையான அதிர்ச்சி அதுவல்ல. நான் சொன்னதைக் கேட்டு அத்தனை பெரிய சந்தையில் ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. நான் ஊற்றியபோது கரையில் நாற்பது பேர் நின்று பார்த்திருக்கிறார்கள்; செய்தி எனக்கு முன்னே சந்தைக்கு வந்துவிட்டது. அதில் பாதிப் பேருக்குக் கோடு விஷயமும் தெரியுமாம். “ஏன் ஒருத்தராவது தடுக்கலை?” என்று கேட்டேன். வெங்காயம் விற்கிற பேச்சித்தாய்தான் பதில் சொன்னாள்: “எண்ணெய் விஷயத்துல உங்களுக்குப் போயி யாரு அண்ணாச்சி புத்தி சொல்லுதது?”