கரை சேராத கார்

மாமனார் போய்ச் சேரும்வரை கார் வந்து சேரக் கூடாது. கண்ணாடிக் கடைக்காரர் இப்படி ஒரு முடிவுக்கு வந்தபோது, கார் துறைமுகத்தில் இறங்கி ஏஜென்டின் யார்டில் நின்றுகொண்டிருந்தது.

வெளிநாட்டிலிருந்து கார் வர எவ்வளவு நாளாகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கப்பலில் இடம் கிடைக்க வேண்டும். நடுவழியில் இறக்கி வேறு கப்பலில் ஏற்ற வேண்டும். அப்புறம் சுங்கத்தில் வரிசை. பொய் சொல்ல இதைவிட விசாலமான மைதானம் உண்டா?

பழைய காரை விற்றதே மாமனாரால்தான். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். திரும்பும்போது பெரியவர் பின்சீட்டில் வாந்தி எடுத்துவிடுவார். எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை.

"வெளிநாட்டு வண்டி வருது மாமா, ராஜா மாதிரி போலாம்" என்று அப்போது வாய் நிறையச் சொன்னார். அதுவரை பெரியவர் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஏஜென்ட் அனுப்பிய படத்தில் வெண்ணெய் நிற சீட்டுகளைப் பார்த்ததும் மருமகனின் மனசு கல்லாகிவிட்டது. டாக்டர்தான் ரொம்ப நாள் தாங்காது என்கிறாரே? கொஞ்ச நாள் யார்டில் கிடந்தால் கார் தேய்ந்தா போகும்? மனசு போட்ட இந்தக் கணக்கைக் காதில் வாங்காதவர் போல இருந்துகொண்டார்.

"ஏங்க, கார் எங்க வருது?" மனைவி கேட்டாள்.

யாருமில்லாத போனைக் காதில் வைத்தார். "ஹலோ! என்னது, புயலா?" அவளிடம் திரும்பினார். "கப்பல் நடுக்கடல்ல நிக்குதாம்."

"ஐயோ! கப்பல்காரங்க சாப்பிட்டாங்களாமா?"

"அதெல்லாமா கேப்பாங்க?"

"கேளுங்க, பாவம்."

கேட்டார். "சாப்பிட்டாங்களாம்."

"என்ன சாப்பிட்டாங்க?"

"சிக்னல் போயிருச்சு."

அடுத்த வாரம் கப்பல் மாற்றம்.

"தூக்கும்போது தண்ணியில போட்டுறப் போறாங்க!"

"கயிறு கட்டித்தான் தூக்குவாங்க."

"நல்ல கயிறா?"

"இரும்புக் கயிறு!"

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்தாள். இப்போதெல்லாம் பஸ் நெரிசலைப் பற்றி அவள் மூச்சே விடுவதில்லை. மாமனார்கூட அவரைப் பார்த்துச் சிரித்தார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார் கடைக்காரர்.

ஆனால் ஆசை விடுமா? ஒரு நாள் கடைப் பையனிடம்கூடச் சொல்லாமல் கடையைச் சாத்திவிட்டு யார்டுக்குப் போனார்.

"வண்டிய ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுப் போறேன்."

"எந்த வண்டி சார்?" என்றார் ஏஜென்ட்.

"என் வண்டிய்யா!"

"உங்க பேர்ல வண்டியே கிடையாதே."

உண்மைதான். அண்ணன் இரவல் கேட்டால், "அது அவ வண்டிண்ணே" என்று கைவிரிக்க வசதியாக, மனைவி பெயரில்தான் வரவழைத்திருந்தார்.

"கையெழுத்துக்கு மேடம் நேர்ல வரணும். அவங்களுக்கே போன் பண்ணேன். வண்டி இறங்கின ரெண்டாம் நாளே எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு அவசரம்னாங்க."

இரண்டாம் நாளா? அப்போது புயலே அடிக்க ஆரம்பிக்கவில்லையே! கப்பல்காரர்களுக்குச் சோறு விசாரித்தவளின் முகம் கண்முன் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசலில் அவருடைய கார். ஸ்டியரிங்கில் மனைவி. முன்சீட்டில் மாமனார், வாயருகே பிளாஸ்டிக் பையோடு.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் பெரியவர், சன்னக் குரலில். "சீட்டுல படாம பாத்துக்கிறேன். சில நேரம் முடியறதில்லை."

கடைக்காரர் பின்கதவைத் திறந்தார். உள்ளே மூன்று பேர். மூன்று பிளாஸ்டிக் பைகள்.

"இவங்களும் எங்ககூட பஸ்ல வந்து அவதிப்பட்டவங்கதான்" என்றாள் மனைவி. "எல்லாருக்கும் ஒரே நாள்ல டயாலிசிஸ்."

நடுவில் இருந்தவர் குமட்டினார். பை விரிவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

மனைவி வண்டியைக் கிளப்பினாள்.

"பஸ்ல வீட்டுக்கு வந்துருங்க. வாளியில தண்ணி பிடிச்சு வைக்கிறேன்."