பாட்டேற்றும் மென்பொருள் தேர்வுக் குழு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது தற்செயலாக. சக்கரமும் அப்படியே. இவற்றுக்கென்று ஒரு குழு அமைத்ததாகவோ, கூட்டம் கூட்டியதாகவோ, வடை வாங்கியதாகவோ எந்தக் கோப்பிலும் தகவல் இல்லை. அதனால்தான் நெருப்பு கண்ட இடத்தில் பற்றுகிறது, சக்கரம் கண்ட இடத்தில் பஞ்சர் ஆகிறது. உலக வரலாற்றில் ஒரு காரியம் முதன்முதலாக முறைப்படி செய்யப்பட்டது 2006ஆம் ஆண்டு, திண்டுக்கல்லில், எங்கள் அலுவலகத்தில்தான். அதை முன்னின்று நடத்தியவன் கண்காணிப்பாளர் பொன்னுத்துரையாகிய நான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கோப்பில் இருக்கிறது.

எங்கள் அலுவலகம் எந்தத் துறையைச் சேர்ந்தது என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே வேலை பார்த்த எங்களுக்கே அது முக்கியமாக இருந்ததில்லை. ஆனந்தமேரி அம்மாள் எங்கள் தட்டச்சர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான். ஒரு நாள் காலை, அடித்துக்கொண்டிருந்த தாளோடு என் மேஜைக்கு வந்தார்.

"வரியெல்லாம் நடுவுல வளஞ்சு தெரியுது சார்."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். "நேராத்தானே இருக்கு மேரிம்மா? பேப்பரை நல்லா இழுத்து விட்டு அடிங்க."

பேப்பரில் கோளாறு இல்லை. மதுரையில் காட்டியதில், வலது கண்ணின் விழித்திரையில் நட்ட நடுவே ஒரு பொடி ஓட்டை என்றார்கள். அடுத்த மாதம் இருபதாம் தேதி ஆபரேஷன். அதன் பிறகு பதினாலு நாள் இரவும் பகலும் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். தலையைத் தூக்கினால் ஆபரேஷன் வீண். படிக்கக் கூடாது, டிவி பார்க்க முடியாது.

"பொழுது எப்படிம்மா போகும்?" என்று கேட்டேன். எனக்கும் இரக்கம் உண்டு.

"பாட்டுக் கேட்டா ஓடிரும் சார். காது ஒண்ணுதானே மிச்சம்."

ஊழியர் நலச் சங்கம் உடனே ஒரு எம்பி3 பிளேயரை அவருக்கு வாங்கிவிட்டது. தீப்பெட்டி அளவு. ஒற்றை பேட்டரி, ஒரு ஜோடி காது ஒயர். இவ்வளவு அவசரப்பட்டு ஒரு பொருளை வாங்கியதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வாங்கிய பிறகு நடந்தவற்றில் ஒரு துளி அவசரமும் இல்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

அம்மாள் தனக்குப் பிடித்த நூற்றுப்பத்துப் பாட்டுகளை, கோயில் பாட்டும் சினிமாப் பாட்டும் கலந்து, இரண்டு சிடியில் கொண்டுவந்து இளநிலை உதவியாளர் ஜெரோமிடம் கொடுத்தார். கம்ப்யூட்டரை பிளக்கைப் பிடுங்காமல் அணைக்கத் தெரிந்தவர் என்ற வகையில் ஜெரோம் எங்கள் அலுவலகத்தின் 'தொழில்நுட்பப் பிரிவு'.

"நேரா கம்ப்யூட்டர்ல சொருகி காப்பி பண்ணிரலாம் சார். நாலு நிமிஷம்" என்றார் ஜெரோம்.

நான் சிரித்தேன். நாலு நிமிடத்தில் முடிவதை வேலை என்று சொல்வதில்லை, விபத்து என்றுதான் சொல்வது.

"இதுக்குன்னு சாஃப்ட்வேர் உண்டாமே ஜெரோம்?"

"மூணு நாலு இருக்கு சார். ஆனா நமக்குத் தேவையில்ல."

"மூணு நாலு இருக்குன்னா, அதுல எது சிறந்ததுன்னு யாரு முடிவு பண்றது?"

அந்தக் கேள்வியின் மேல்தான் 'பாட்டேற்றும் மென்பொருள் தேர்வுக் குழு' எழுந்து நின்றது. தலைவர் நான். உறுப்பினர், கணக்குப் பிரிவு பெருமாள்சாமி. ஜெரோம், 'வாக்குரிமையற்ற தொழில்நுட்ப ஆலோசகர்'. நடவடிக்கைக் குறிப்புகளை மூன்று பிரதிகளாகத் தட்டச்சு செய்யும் பொறுப்பு, வேறு ஆள் இல்லாததால், ஆனந்தமேரி அம்மாளுக்கு.

முதல் கூட்டத்தில் மூன்று மென்பொருள்கள் பரிசீலனைக்கு வந்தன. ஒன்று கம்ப்யூட்டரோடு வந்தது, ஒன்று பிளேயரோடு வந்தது, ஒன்று இன்டர்நெட்டில் கிடப்பது. பாரபட்சம் தலைகாட்டக் கூடாது என்பதற்காக அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டோம்.

"மூணு கம்பெனிக்கிட்டயும் விலைப்புள்ளி வாங்கணும்" என்றார் பெருமாள்சாமி.

"மூணுமே இலவசம் சார்" என்றார் ஜெரோம்.

"இலவசம்னு கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுக்கச் சொல்லுங்க. ஒருத்தன் சும்மா குடுக்கான்னா ஆடிட்டுக்காரன் நம்மளத்தான சந்தேகப்படுவான்?"

மூன்று நிறுவனங்களுக்கும் கடிதம் போயிற்று. 'ஐயா, தங்கள் மென்பொருளின் விலை ஏதுமில்லை என்பதை ஏழு நாட்களுக்குள் உறுதி செய்யக் கோரப்படுகிறது.' அமெரிக்காவிலிருந்து ஒரே நிமிடத்தில் பதில் மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியம். இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம்.' பெருமாள்சாமி நெகிழ்ந்துவிட்டார். "பாத்தீகளா, வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான். நம்ம தலைமை அலுவலகம் என்னைக்காவது இப்படி எழுதியிருக்கா?" அந்தக் கடிதத்தின் நகல் மூன்று பிரதிகளிலும் சேர்க்கப்பட்டது. அம்மாள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தட்டச்சு செய்தார். அப்படி அடித்தால் வரி நேராகத் தெரிகிறதாம். அவருடைய கடமையுணர்வைக் குழு பாராட்டியது. அந்தப் பாராட்டையும் அவரே தட்டச்சு செய்தார்.

இரண்டாவது கூட்டம் அறிவுபூர்வமானது. மென்பொருள் 'அ', ஒவ்வொரு பாட்டும் எந்த இனம் என்று கேட்டது. அது கொடுத்த பட்டியலில் ப்ளூஸ், ஜாஸ், போல்கா என்று நூற்றுச்சொச்சம் இனங்கள் இருந்தன. மாதா பாட்டுக்கு இடமில்லை.

"'மற்றவை'ன்னு போட்டுரலாம் சார்" என்றார் ஜெரோம்.

"மாதா மற்றவையா?" என்று பெருமாள்சாமி எழுந்தே நின்றுவிட்டார். பழனிக்கு வருடம் தவறாமல் நடந்து போகிறவர். மத நல்லிணக்கத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? மென்பொருள் 'அ' மீது கண்டனத் தீர்மானம் நிறைவேறியது.

'ஆ' பாட்டுகளுக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரம் போடச் சொன்னது. பணிமூப்பு அடிப்படையில் போடுவதென்று முடிவாயிற்று. 1965க்கு முந்தைய பாட்டுகளுக்கு ஐந்து, பிறகு வந்தவற்றுக்கு இறங்குமுகமாக. பதினேழு பாட்டுகளில் பாடியவர் பெயர் 'தெரியாது' என்றிருந்தது. அந்தப் பதினேழு பேரும் உரிய சான்றுகளுடன் நேரில் ஆஜராகும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். முப்பது நாள் அவகாசம் கொடுத்தோம்.

"ஆபரேஷனுக்குப் பதிமூணு நாள்தான் சார் இருக்கு" என்றார் அம்மாள், அறிவிப்பை அடித்து முடித்துவிட்டு. "ஒரு பத்துப் பாட்டு ஏத்திக் குடுத்தாக்கூடப் போதும்."

"பத்துப் பாட்டுன்னா எந்தப் பத்து? அதுக்குத் தனியா ஒரு துணைக் குழு போடணுமே மேரிம்மா" என்று விளக்கினேன். புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பினார்.

மூன்றாவது கூட்டம் வருத்தத்துக்குரியது. ஜெரோம் மதிய இடைவேளையில், நாங்கள் சாப்பிடப் போயிருந்தபோது, பிளேயரைக் கம்ப்யூட்டரில் சொருகி நூற்றுப்பத்துப் பாட்டுகளையும் காப்பி செய்துவிட்டார். நாலு நிமிடம்கூட ஆகவில்லையாம். மூன்றரை. நாங்கள் திரும்பி வந்தபோது அம்மாள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நிம்மதி வேறு, விதிமுறை வேறு.

"எந்தச் சாஃப்ட்வேர்ல ஏத்துனீக?" என்று பெருமாள்சாமி கேட்டார்.

"சாஃப்ட்வேர் இல்லாமத்தான் சார்."

"சாஃப்ட்வேர் இல்லாம ஏத்துன பாட்டு சட்டப்படி பாட்டே இல்ல."

ஏற்றியவரே நீக்க வேண்டும் என்பது மரபு. ஜெரோம் எங்கள் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் அழித்தார். இனி கள்ளத்தனமாக யாரும் சொருகிவிடக் கூடாது என்று, பிளேயரின் சொருகும் வாயில் அரக்கை உருக்கி ஊற்றி அலுவலக முத்திரை வைத்தோம். மறுநாள் ஜெரோம் மாற்றுப்பணியில் குஜிலியம்பாறைக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆணையையும் அம்மாள்தான் அடித்தார். அதில் மூன்று இடத்தில் பிழை. ஓட்டை பெரிதாகியிருக்கும் போலும்.

நான்காவது கூட்டம் பதினெட்டாம் தேதி, பிரியாணியுடன் நடந்தது. மூன்று மென்பொருளின் விலையும் பூஜ்யம் என்பதால், குறைந்த விலைக்காரர் யாரென்று தீர்மானிக்க முடியவில்லை. டம்ளரில் மூன்று சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். 'இ' வந்தது. நாற்பத்தொரு பக்க ஆய்வின் முடிவாக 'இ' தேர்வு செய்யப்பட்டதாகவும், தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வந்தபின் அரக்கை உடைத்துப் பாட்டு ஏற்றலாம் என்றும் முடிவாயிற்று. கூட்டத்தின் தொடக்கத்தில் பிளேயரைக் குழுவின் பார்வைக்கு வைத்தபோது நான் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினேன். சிவப்பாக ஒரு பொடி விளக்கு எரிந்தது. கருவி நல்ல நிலையில் இருக்கிறது என்று பெருமாள்சாமி குறித்துக்கொண்டார். அது என்ன விளக்கென்று சொல்ல ஜெரோம் இல்லை. கடைசித் தீர்மானமாக, 'தட்டச்சரின் கண் நலம் குறித்துக் குழு ஆழ்ந்த கவலை தெரிவித்தது.' பாக்கிப் பதினோரு பக்கத்தையும் அம்மாள் பத்தொன்பதாம் தேதி மாலைக்குள் அடித்து முடித்தார். அன்றே சால்வை போர்த்தி, முத்திரையிட்ட பிளேயரை அவர் கையில் கொடுத்து, கைதட்டி வழியனுப்பினோம்.

ஆபரேஷன் முடிந்து பதினாலாம் நாள் பெருமாள்சாமியும் நானும் இரண்டு கிலோ கொய்யாவோடு மதுரைக்குப் பஸ் ஏறினோம். அம்மாள் தன் தங்கை வீட்டில் இருந்தார். அம்மாளின் கணவர் சூசைமுத்து நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மாள் தலையணை விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து, தரையைப் பார்த்தபடி குப்புறக் கிடந்தார். பிளேயர் கைக்கருகில் இருந்தது, அரக்கு கலையாமல். எனக்குப் பெருமையாக இருந்தது.

"கண்ணு எப்படிம்மா இருக்கு?"

"ஆபரேஷன் கொஞ்சம் முந்திப் பண்ணியிருந்தா நல்லாருந்திருக்கும்னாக. அந்த ஒரு மாசம் கண்ணுக்கு வேல குடுத்திருக்கக் கூடாதாம் சார்." குரல் தரையிலிருந்து வந்தது. "நெழலாத்தான் தெரியும்னு சொல்லிட்டாக."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒப்புதல் விரைவில் வந்துவிடும், வந்ததும் பாட்டு ஏற்றப்படும் என்று ஆறுதல் சொன்னேன்.

"அதுல ஒண்ணு இருந்துச்சு சார்."

"பாட்டா?" என்று பெருமாள்சாமி பதறினார். "அரக்கு அப்படியே இருக்கே!"

"பாட்டில்ல. கூட்டம். நாலாவது கூட்டம் முழுசும் அதுல பதிவாயிருக்கு. பொத்தான அமுக்குனா அதுதான் கேக்குது." அம்மாள் அசையாமல் பேசினார். "பதினோரு பக்கம் பாக்கி கெடக்கே, மேரியம்மாவுக்குக் கண்ணு தெரியலையாமேன்னு பெருமாள்சாமி சார் கேக்காரு. நீங்க சொல்றீக: 'ஓட்டை கண்ணுலதானய்யா, விரல்லயா? போறதுக்குள்ள அடிச்சு முடிக்கட்டும். அப்புறம் பதினாலு நாளு சும்மாதான கெடக்கப் போகுது.' பெறகு ரெண்டு பேரும் சிரிக்கிறீக."

சூசைமுத்து என்னைப் பார்த்தார். இந்த மாதிரிக் கருவிகள் சில சமயம் தவறாகவும் பதிவு செய்யக்கூடும் என்று அவரிடம் விளக்கத் தொடங்கினேன்.

"நாப்பத்தோரு பக்கம் அடிச்சேன் சார், இந்த வரி மட்டும் எதுலயும் வரல" என்றார் ஆனந்தமேரி, தலையைத் தூக்காமல். "பதினாலு நாளா அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். கேக்க வேற ஒண்ணும் அதுல இல்லையே."