நூல் தராசில் ஒரு பிள்ளை

ராயபுரத்தில் எங்கள் செக்கிங் அக்காவைப் போலப் பயந்த தாயை இந்த உலகம் கண்டதில்லை. பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவது கம்பெனியில் அவருடைய வேலை. பிள்ளை பிறந்து, அதைக் கம்பெனிக்குக் கொண்டுவந்த அன்று அதையும் அப்படித்தான் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் பனியன் மடித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுபதுகளின் தொடக்கம், எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாதாமாதம் எடை பார்க்கச் சொன்னார். அக்காவுக்கு மாதம் போதுமா? தினமும் காலையில் நூல் நிறுக்கும் பெரிய தட்டுத் தராசில் பிள்ளையைப் படுக்க வைத்துவிடுவார். பிள்ளை விழுந்துவிடுமோ என்று இரண்டு கையையும் தட்டுக்குக் கீழே, தொடாமல் ஏந்தியபடி நிற்பார்.

"ஏனுங்கக்கா, புள்ளைய எறக்குங்க. நூல் வண்டி நிக்குது" என்பார் மேஸ்திரி.

"நூலு எங்கீங்க ஓடிப்போவுது? பொறுங்க."

ஒருநாள் சோறு கொண்டுவந்த மாமியார் இதைப் பார்த்துவிட்டார்.

"எட்டுப் பெத்தேன். ஒண்ணையாச்சும் தராசுல போட்டனா? கண்ணு பட்டுரும் புள்ள!"

"எட்டுல எத்தன தங்குச்சுங்கத்தே?"

அக்காவின் தலைச்சனும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இளைத்து இளைத்தே கண்ணை மூடியதுதான். மறுநாளிலிருந்து மாமியாரே பேரனுக்குப் பொட்டு வைத்துத் தராசுக்குத் தூக்கி வந்தார்.

ஒரு காலையில் நேற்றைய எடைக்கற்களையே வைத்தும், பிள்ளை இருந்த தட்டு மேலேயே நின்றது. எடை குறைந்துவிட்டது! அக்கா போட்ட அலறலில் மிஷின்கள் நின்றன. இறக்காத நூல் மூட்டைகள் மேலேயே ஏறி, மாட்டு வண்டியில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அக்கா பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தபடியே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா நிறுத்துப் பார்த்தார். "நல்லா தேறியிருக்கானே! இவனுக்கு என்ன?"

மேஸ்திரிதான் யோசித்துக் கேட்டார். "ஏனுங்கக்கா, நேத்து நிறுக்கறப்ப புள்ள துணிய நனச்சிருந்துச்சுங்களா?"

"...ஆமாங்க."

"ஈர நூலுன்னா எடை கழிச்சுத்தானுங்க வாங்கறோம். ஈரத் துணிக்குக் கழிக்க வேண்டாமுங்களா?"

வண்டிக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அந்தப் பயல் தராசுக்குப் பிடிபடாமல் ஓடும் வயதில் எனக்குப் பெண் பிறந்தாள், அதே ஆஸ்பத்திரியில். பார்க்க வந்த அக்கா முதல் வேலையாகத் துணியைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிருக்குது கண்ணு, இப்ப நிறுக்கலாம்."

நர்ஸ் குழந்தையைத் தட்டில் வைத்தாள். அக்காவின் இரண்டு கையும் தானாகக் கீழே போயின.

"கைய எடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்."

எடுத்துவிடாதீங்கக்கா என்று கட்டிலில் கிடந்தபடி மனசுக்குள் கெஞ்சினேன். அக்கா எடுக்கவில்லை.